புளூர் சைக்கிள் பாதையை எடுத்துவிட்டால் நெரிசல் குறையுமா? கணக்கோடு வாருங்கள்

முட்டுச்சந்து:
கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டமூலம் 212 சட்டமன்றத்துக்கு வந்தது 2024 அக்டோபர் 21. நவம்பர் 25இல் சட்டமாகிவிட்டது. கார் லேனைக் குறைத்து சைக்கிள் பாதை போட மாகாணத்திடம் அனுமதி கேட்க வேண்டும் என்றது அது. அதோடு, டொராண்டோவில் புளூர், யங், யூனிவர்சிட்டி மூன்று வீதிகளிலும் ஏற்கெனவே போட்டிருப்பதை எடுக்கவும் அது வழி செய்தது. பிறகு வழக்கு, தடை, தீர்ப்பு என்று இழுத்துக்கொண்டே போகிறது. இதைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் மாகாண முதல்வர் டக் ஃபோர்டு நல்லவரா கெட்டவரா என்ற சண்டையில்தான் போய் முடிகிறது. எனக்கு வேண்டியது ஒன்றே: எடுத்தால் கார் வேகமாகப் போகுமா? எங்கே, எவ்வளவு? "நேத்து நான் போனப்போ" என்று தொடங்கும் பதில்கள் வேண்டாம், தயவுசெய்து.

லேன்மாறி:
இதில என்ன பெரிய கணக்கு? முந்தி நாலு லேன், இப்ப ரெண்டு. குழாயை அரைவாசியாக்கினால் தண்ணி என்னண்டு வரும்? சைக்கிளில வேலைக்குப் போறவை 1.2 வீதம் எண்டு அரசாங்கம் சொல்லுது. அவைக்கு ரோட்டில பாதி. பனிக்காலத்தில அதுவும் சும்மா கிடக்கும். சைக்கிளே வேண்டாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, பக்கத்து வீதியளில போடட்டும்.

சிக்னல்சிவப்பு:
குழாய் உவமை சரிதான் லேன்மாறி. ஆனால் குழாயை அதன் ஒடுக்கமான இடத்தில்தான் அளக்க வேண்டும். நகர வீதியில் அந்த இடம் சந்தி.

பச்சை விளக்கு இடைவிடாமல் எரிந்தால் ஒரு லேனில் மணிக்கு ஏறத்தாழ 1,800 கார் போகும். விளக்குச் சுற்று 90 விநாடி, அதில் உங்களுக்குப் பச்சை 40 விநாடி என்று வையுங்கள். 1,800 × 40 ÷ 90 = 800. ஒரு லேனுக்கு மணிக்கு 800 கார். இரண்டாவது லேன் கிடைத்தால் 1,600 ஆக வேண்டும். தாளில் அப்படித்தான் வரும்.

ஆனால் அந்த இரண்டாவது லேன் ஓர லேன். நிற்கும் கோட்டுக்கு 30 மீற்றர் பின்னால் ஒரு டெலிவரி வான் அவசர விளக்கைப் போட்டு நிற்கிறது. காருக்கு 7 மீற்றர் வீதம் அந்த வானுக்கு முன்னால் நாலு கார்தான் வரிசையில் நிற்கலாம். மணிக்கு 40 சுற்று, சுற்றுக்கு 4 கார், ஆக 160. நீங்கள் எதிர்பார்த்த 800 இல் கையில் வருவது 160. வானே இல்லை என்றாலும், வலப்பக்கம் திரும்பும் கார் பாதசாரிகள் கடந்து முடியும்வரை நிற்க வேண்டும். பச்சையின் முதல் 15, 20 விநாடி அதற்கே போய்விடும், பின்னால் நேராகப் போக வந்தவரும் சேர்ந்து நிற்பார். புளூரும் ஸ்பெடைனாவும் சந்திக்கிற மாதிரிச் சந்தியில் பாதசாரிகளுக்குக் குறைவே இல்லை.

உள் லேனும் சுத்தமில்லை. பழைய நாலு லேன் அமைப்பில் இடப்பக்கம் திரும்ப நிற்பவர் அந்த லேனை அடைத்துக்கொண்டுதான் நிற்பார். இப்போது பல சந்திகளில் திரும்புவதற்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாலு லேனை மூன்றாக்கி நடு லேனைத் திரும்புபவர்களுக்கு விடும் மாற்றத்தை அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகமே நாளுக்கு 20,000 வாகனம் வரையான வீதிகளுக்குப் பரிந்துரைக்கிறது. விபத்து 19 முதல் 47 வீதம் குறையும் என்பதும் அவர்கள் வெளியிட்ட கணக்குத்தான்.

இன்னொன்று. புளூரின் அனெக்ஸ் பகுதியில் 2016க்கு முன்னும் ஓர லேனில் அலுவலக நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கார் தரித்து நின்றது. ஆக நாளின் பெரும்பகுதி அது நாலு லேன் வீதியே அல்ல. சைக்கிள் பாதையை எடுத்துவிட்டுத் தரிப்பை அப்படியே விட்டால் திரும்பக் கிடைப்பது பார்க்கிங் மட்டும்.

லேன்மாறி:
சரி அண்ணை, பின்னேரம் நாலுக்கும் ஆறுக்கும் இடையில? அப்ப தரிக்கேலாதே. சனம் கத்துறதும் அந்த ரெண்டு மணித்தியாலத்தைப் பற்றித்தான். பேந்து, அனெக்ஸை விட்டுட்டு ஹம்பர் ஆற்றுக்கு மேற்கால, எட்டோபிகோவைக் கதையுங்கோ. அங்க ஸ்பெடைனா மாதிரி நடக்கிற சனம் எங்க?

சிக்னல்சிவப்பு:
இரண்டும் நியாயமான கேள்வி. உச்ச நேரத்தில் தாமதம் கூடியது உண்மை. இல்லை என்று சாதிக்கும் சைக்கிள் ஆதரவாளர்கள் தங்கள் பக்கத்தையே பலவீனப்படுத்துகிறார்கள். எண்களை அடுத்தவர் தருவார் என்று நினைக்கிறேன்.

எட்டோபிகோவும் வேறுதான். 2023இலும் 2024இலும் ரன்னிமீட் வீதியிலிருந்து மேற்கே கிப்ளிங் வீதிப் பக்கம்வரை பாதையை நீட்டினார்கள். அங்கே சந்திக்குச் சந்தி தூரம் அதிகம், பாதசாரி குறைவு, கார் அதிகம். அதனால் என் கணக்கின் 160, அங்கே 400 ஆகலாம், 500 ஆகலாம். "நகரம் முழுக்க ஒரே விடை" என்று சொல்பவரை நம்பாதீர்கள், அவர் எந்தப் பக்கமாக இருந்தாலும்.

எண்ணும்எழுத்தும்:
இதோ எண்கள்.

முதலில் அந்த 1.2 வீதம். அது 2011ஆம் ஆண்டுக் கணக்கு, அதுவும் ரொறன்ரோ பெருநகரப் பகுதி முழுவதற்கும். மிசிசாகா, பிரம்ப்டன், மார்க்கம் எல்லாம் அதற்குள் வரும். தவிர அது வேலைக்குப் போகும் பிரதான வழியை மட்டும் கேட்கும் கேள்வி. கடைக்கு, வகுப்புக்கு, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஓடும் சைக்கிள் எதுவும் அதில் இல்லை. வாடகை சைக்கிள் திட்டம் மட்டும் 2023இல் 57 லட்சம் சவாரியைத் தாண்டியது. புளூரின் ஒரு துண்டைப் பற்றி முடிவெடுக்கப் பிரம்ப்டன்காரரின் பயணத்தை ஏன் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும்?

இரண்டாவது, புளூர் முன்னோட்டம், அதாவது சோதனையாகப் போட்டுப் பார்த்த பாதை. 2016 ஓகஸ்டில் ஷா வீதியிலிருந்து அவெனியூ றோட் வரை 2.4 கிலோமீற்றர். சைக்கிள் எண்ணிக்கை ஏறத்தாழ பாதி மடங்கு கூடியது. கார்ப் பயணம் தொடக்கத்தில் மோசமாக நீண்டது. சிக்னல் நேரத்தை மாற்றிய பின் காலை உச்சத்தில் சுமார் 2 நிமிடம், மாலை உச்சத்தில் சுமார் 4 நிமிடம் கூடுதல் என்ற அளவில் நின்றது. 2017 நவம்பரில் நகர சபை 36க்கு 6 என்ற வாக்கில் அதை நிரந்தரமாக்கியது. ஆக, லேன்மாறி கேட்ட மாலை நேரத்துக்கு விடை அந்த 4 நிமிடம். அது பெரிதா சிறிதா என்பது அவரவர் தீர்ப்பு.

மூன்றாவது, எடுத்துப் பார்த்த அனுபவம் இந்த நகரத்துக்கே உண்டு. ஜார்விஸ் வீதியில் 2010இல் போட்டார்கள். 8 மணி நேர எண்ணிக்கை சுமார் 290 சைக்கிளிலிருந்து 890 ஆனது. காருக்கு மாலையில் ஏறத்தாழ 2 நிமிடம் கூடியது. ரொப் ஃபோர்டு மேயராக இருந்தபோது 2011 ஜூலையில் சபை நீக்க முடிவெடுத்து, 2012 நவம்பரில் எடுத்தார்கள். நடு லேன் காலையில் ஒரு திசைக்கும் மாலையில் மறு திசைக்கும் மாறும் அமைப்பு என்பதால், தலைக்கு மேலே தொங்கும் விளக்குகளைத் திரும்பப் பூட்ட வேண்டியிருந்தது. வெறும் பெயின்ட் அடித்துப் போட்ட பாதை அது. போட்ட செலவைவிட எடுத்த செலவு பல மடங்கு.

அதே வாக்கெடுப்பில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஸ்காபுறோவில் பேர்ச்மவுண்ட், பார்மசி என்ற இரண்டு வீதிகளின் பாதைகளும் போயின. 2020இல் பிரிம்லி வீதியில் தற்காலிகமாகப் போட்டதையும் அந்த ஆண்டு முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். ஸ்காபுறோவில் நெரிசலே இல்லாமல் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை :)

லேன்மாறி:
ஜார்விஸை எடுத்த நேரம் பக்கத்தில ஷேர்போர்னில தடுப்புக்கட்டோட பாதை போட்டுக் குடுத்தவை. அதைச் சொல்ல மறந்திட்டியள். நான் கேக்கிறதும் இதைத்தான். புளூருக்குப் பதிலா ஒரு சின்ன வீதி.

எண்ணும்எழுத்தும்:
மறக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஷேர்போர்ன் ஜார்விஸுக்குப் பக்கத்திலேயே, அதே திசையில் நேராக ஓடுகிறது. அப்படி ஒரு இணை வீதி இருந்தால் மாற்றிப் போடலாம். புளூருக்கு அது இல்லை. தெற்கே ஹார்பர்ட்–வெல்லஸ்லி இருக்கிறது, மேற்கே ஒசிங்டனில் முடிந்துபோகும். சின்ன வீதிகள் ரயில் பாதையில், பள்ளத்தாக்கில், பூங்காவில் முட்டி நிற்கும். டொன் ஆற்றை மேம்பாலத்தில் கடப்பதும் ஹம்பரைக் கடந்து நேராகப் போவதும் புளூர்தான். கார்க்காரர் ஏன் புளூரில் வருகிறாரோ அதே காரணத்துக்குத்தான் சைக்கிள்காரரும் வருகிறார்.

கல்லும்தாரும்:
நெரிசலைப் பற்றியே பேசுகிறீர்கள். எடுப்பது என்றால் என்ன வேலை என்று ஒருவரும் சொல்லவில்லையே. 2024 நவம்பரில் நகராட்சி கொடுத்த மதிப்பீடு 48 மில்லியன் டாலர். போட்டதற்கு ஆன செலவு 27 மில்லியன். போக்குவரத்து அமைச்சர் அந்த எண்ணை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்று நான் வாதாட வரவில்லை. செலவு எங்கே போகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கோடு அழிப்பதுதான் எளிய வேலை. இயந்திரத்தால் சுரண்டினால் தாரில் பள்ளக்கோடு விழும். மழையிலும் இரவிலும் அந்தப் பள்ளம் பழைய கோடு மாதிரியே மின்னும், ஓட்டுநர் எந்தக் கோட்டை நம்புவது என்று தடுமாறுவார். உயர் அழுத்த நீரால் அழித்தால் தார் பிழைக்கும், செலவு கூடும், உறைபனியில் செய்ய முடியாது. புதுக் கோடு போடும் நீர்ப் பெயின்டுக்குத் தரை வெப்பம் சுமார் 10 பாகை செல்சியஸாவது வேண்டும். ஆக இந்த ஊரில் மே முதல் ஒக்டோபர் வரைதான் இந்த வேலை. சட்டம் நவம்பரில் வந்தாலும் இதுதான் நிலைமை.

அடுத்து கொங்கிறீட் தடுப்புக்கட்டைகள். அவற்றை இரும்புக் கம்பியால் தாருக்குள் அடித்து இறுக்கியிருப்பார்கள். தூக்கினால் துளை. அந்தத் துளைகளைச் சூடான தார்க்கலவையால் அடைக்காமல் விட்டால் உப்புத் தண்ணீர் இறங்கி, உறைந்து விரிந்து, அடுத்த வசந்தத்தில் குழி. வளையும் பிளாஸ்டிக் கம்பங்கள் மட்டும் இருக்கும் இடத்தில் வேலை சுலபம்.

செலவின் பெரும்பகுதி நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டிய பாதைகளில். ஸ்பெடைனாவுக்குக் கிழக்கே புளூரில் அப்படித்தான் கட்டினார்கள். அங்கே வீதியின் விளிம்புக்கல்லே இடம் மாறிவிட்டது. மழைநீர் வடிகால் வாயையும் அதோடு நகர்த்தியாயிற்று. திரும்ப அகலமாக்குவது என்றால் விளிம்பை உடைத்து, வடிகாலைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய், அடித்தளம் போட்டு, மறுபடி தார். அது புது வீதி கட்டும் வேலை.

இதெல்லாம் நடக்கும்போது ஒரு லேனை மூட வேண்டும். இருப்பதே திசைக்கு ஒன்று.

முட்டுச்சந்து:
இது நான் யோசிக்கவே இல்லை. சிக்னல்களையும் மாற்ற வேண்டும் அல்லவா?

கல்லும்தாரும்:
அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கோடு மாறும் அன்றே சிக்னல் நேரமும் மாறவில்லை என்றால், திரும்பும் லேன் இல்லாத இடத்தில் திரும்பும் அம்பு எரியும். சைக்கிள் விளக்குகளை அகற்றும்வரை மூடி வைக்க வேண்டும். சில இடங்களில் சைக்கிளுக்கும் வலம் திரும்பும் காருக்கும் வெவ்வேறு பச்சை கொடுத்திருப்பார்கள். அதை எடுத்தால் காருக்குச் சில விநாடி திரும்பக் கிடைக்கும். எடுக்கச் சொல்பவர்கள் பக்கம் உண்மையான லாபம் என்று நான் பார்ப்பது அந்தச் சில விநாடிகள்தான், ஆனால் யாரும் அதைச் சொல்லி வாதிடுவதில்லை.

கடைவாசல்:
சரக்கு இறக்கும் விஷயத்தையும் சேருங்கள். சைக்கிள் பாதை வந்த வீதியில் கடைக்காரர் முறையிடுவது பெரும்பாலும் பாதையைப் பற்றி அல்ல, லாரி நிற்க இடம் இல்லை என்றுதான். பாதையை எடுத்தாலும் லாரி எங்காவது நிற்கத்தான் வேண்டும். ஓர லேனில் நிற்கும், சிக்னல்சிவப்பு சொன்ன 160 கணக்கு அங்கே தொடங்கும். இறக்குமிடத்தைப் பக்கத்துக் குறுக்கு வீதியின் வாயில் 12 முதல் 15 மீற்றர் ஒதுக்கிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் தப்பும். அதற்குத் தரிப்பிட விதியைச் சபை திருத்த வேண்டும், பலகை நட வேண்டும், முதல் சில வாரம் அபராதம் போட ஆள் வேண்டும். மூன்றாவதைச் செய்யாத ஊரில் முதல் இரண்டும் வீண்.

பாதையைக் குறுக்கே அடைப்பதும் விளையாட்டல்ல. 2024 ஜூலையில் புளூரில், பாதைக்குள் கட்டுமானக் குப்பைத்தொட்டி நின்றதால் கார் லேனுக்குள் விலகிய இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்தார். அந்த ஆண்டு நகரில் இறந்த சைக்கிள்காரர்கள் ஆறு பேர்.

லேன்மாறி:
அது சரியான கவலையான விசயம். ஆனா அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டியை ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை? ஒரு லேனில கார் நிரம்பி நிண்டால் அது எங்கால போறது?

சிக்னல்சிவப்பு:
கேட்க வேண்டியதுதான். புளூரில் பாதை வந்த பின் வண்டி போய்ச்சேரும் நேரம் மோசமாகவில்லை என்றுதான் நகரத் தீயணைப்புத் துறை சொன்னது. காரணம் வடிவமைப்பில் இருக்கிறது. தடுப்பு தொடர் சுவராக இல்லாமல் இடைவெளி விட்டு இருந்தால் கார்கள் அதற்குள் ஒதுங்கலாம். நீண்ட தூரத்துக்கு இடைவெளி இல்லாமல் கொங்கிறீட் போட்ட இடத்தில் உங்கள் கவலை சரி. அங்கே கேட்க வேண்டியது இடைவெளி.

பனிக்காலத்துக்கும் இதே பதில்தான். பாதை மிக ஒடுங்கினால் பனி வழிக்கும் சின்ன இயந்திரம் நுழையாது, கார் லேனிலிருந்து தள்ளிய பனி அங்கே குவிந்துவிடும். பெப்ரவரியில் பாதை காலியாக இருக்கிறது என்பவர், அது அன்று வழிக்கப்பட்டிருந்ததா என்றும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சாசனப்பூச்சி:
நீதிமன்றத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பலர் பிழையாகப் பரப்புகிறார்கள்.

"சைக்கிள் பாதை அடிப்படை உரிமை" என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் நீதிபதி போல் ஷாபஸ் பாதைகளை எடுக்க இடைக்காலத் தடை போட்டார். ஜூலை 30 தீர்ப்பில், எடுக்கச் சொல்லும் பகுதி, உயிருக்கும் பாதுகாப்புக்குமான உரிமையைச் சொல்லும் கனடிய உரிமைகள் சாசனத்தின் 7ஆம் பிரிவை மீறுகிறது என்றார். அரசு பாதை போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் போட்டதை எடுப்பதால் உயிராபத்து கூடும் என்று தெரிந்தும், நெரிசல் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லாமலே எடுக்கச் சொன்னால், அந்த நடவடிக்கை தன் நோக்கத்தோடு பொருந்தவில்லை. தீர்ப்பின் அச்சாணி இதுதான். அரசு தானே அமர்த்திய பொறியியல் நிறுவனத்தின் அறிக்கையே, எடுத்தால் விபத்துகள் 54 வீதம் வரை கூடக்கூடும் என்றது, அதுவும் எல்லாப் பயணிகளையும் சேர்த்து. அது நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது.

மாகாணம் மேல்முறையீட்டுக்குப் போனது. அதோடு 2025 நவம்பரில் சட்டமூலம் 60 வந்து, கார் லேனைக் குறைத்துப் புதுப் பாதை போடுவதையே தடுத்துவிட்டது. இனி அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் கதைகூட இல்லை.

சட்டமூலம் 212இல் இன்னொரு விதியையும் கவனியுங்கள். பாதை எடுத்த இடத்தில் அடிபட்டவர் மாகாணத்தின் மேல் வழக்குப் போட முடியாதபடி நடுவில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். ஆபத்து இல்லை என்று நம்புகிறவர் எதற்கு முன்கூட்டியே கவசம் போடுகிறார் என்று கேட்கத் தோன்றுகிறது.

முட்டுச்சந்து:
சரி, அப்போ நெரிசல் எங்கிருந்து வருகிறது? அதுவும் நிஜம்தானே.

சிக்னல்சிவப்பு:
நிஜம்தான். பெரிய பங்கு கட்டுமானம். கார்டினர் அதிவேக வீதியில் டஃபரினுக்கும் ஸ்ட்ராக்கனுக்கும் இடையில் 2024 மார்ச்சிலிருந்து ஆறு லேனை நாலாக்கினார்கள். அதில் வந்தவர்கள் ஆவியாகிப் போகவில்லை, உள்வீதிகளுக்கு வந்தார்கள். மாகாணம் 73 மில்லியன் டாலர் கொடுத்து இரவு பகலாக வேலை நடத்தியதால் 2025 இலையுதிர் காலத்திலேயே முடிந்தது. புளூரில் சைக்கிளைத் துரத்தச் செலவிடுவதைவிட இப்படிக் கொடுத்த காசு உருப்படியானது, மாகாணத்தை அதற்குப் பாராட்டத்தான் வேண்டும். குயின் வீதி, பே வீதியிலிருந்து விக்டோரியா வீதி வரை, சுரங்க ரயிலுக்காக 2023 மே முதல் மூடிக் கிடக்கிறது. இவை எதுவும் சைக்கிள் பாதை இல்லை.

கூடவே, லேன் கூடினால் ஓட்டம் கூடும். அப்போது ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இருந்த பொருளியலாளர்கள் டுரண்டனும் டேர்னரும் 2011இல் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து, நெடுஞ்சாலை நீளம் கூடிய வீதத்திலேயே வாகன ஓட்டமும் கூடுகிறது என்று காட்டினார்கள். அது நெடுஞ்சாலைக்கான ஆய்வு. புளூருக்கு அப்படியே பொருத்திப் பேசுவது சரியல்ல என்பதால் இதை மேலே எங்கும் இழுக்கவில்லை.

லேன்மாறி:
அப்ப எட்டோபிகோவில என்ன செய்யச் சொல்லுறியள்? நாலு நிமிசம் உங்களுக்கு எண், அங்க இருக்கிறவைக்கு ஒவ்வொரு நாளும். எடுக்கவும் வேண்டாம், இருக்கிறபடி கிடக்கட்டும் எண்டால் அது பதில் இல்லை.

சிக்னல்சிவப்பு:
இல்லைதான். வரிசைப்படி இதைக் கேளுங்கள், உங்கள் நகர சபை உறுப்பினரிடம் எழுத்தில்.

பெரிய சந்திகளில் கடைசி 30 முதல் 40 மீற்றருக்குத் தரிப்பிடத்தை எடுத்து, அந்த அகலத்தில் வலம் திரும்பும் தனி இடம். இதில் பாதை நேராகவே போகும், ஆறேழு கார் தரிக்கும் இடத்தை எடுத்தால் மாலை முழுக்க வரிசை குறையும். சாதாரணமாக எதிர்ப்பு வருவது கடைக்காரரிடமிருந்து, கடைவாசல் சொன்ன குறுக்கு வீதி இறக்குமிடத்தோடு சேர்த்துக் கேட்டால் அது தணியும்.

அடுத்து, அடுத்தடுத்த சந்திகளின் பச்சையைக் கோர்ப்பது. மாலையில் மேற்கே போகும் திசைக்கு முன்னுரிமை. 2016 முன்னோட்டத்தில் தாமதம் இறங்கியது இதைச் செய்த பிறகுதான். ஒரு தடவை செய்துவிட்டு விட்டால் போதாது, பக்கத்தில் ஒரு கட்டுமானம் தொடங்கினாலே கோர்ப்பு குலைந்துவிடும்.

இடம் திரும்பும் இடம் நிரம்பி நேர் லேனை அடைக்கும் சந்தி எது என்று பார்த்து, அங்கே மட்டும் அம்பு விளக்கை 4, 5 விநாடி நீட்டுவது.

லேன்மாறி:
செய்துபோட்டுக் குறைஞ்சுதா இல்லையா எண்டு ஆர் அளக்கிறது? நகராட்சி தனக்குத் தானே மாக்ஸ் போடும்.

எண்ணும்எழுத்தும்:
அளக்கும் முறையையும் சேர்த்தே கேளுங்கள். செவ்வாய், புதன், வியாழன் மட்டும். பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி, மழை கொட்டிய நாள் வேண்டாம். முன்னும் பின்னும் ஒரே மாதம். இணையாக ஓடும் இன்னொரு வீதியையும் அதே நாட்களில் அளக்க வேண்டும், அங்கேயும் 2 நிமிடம் கூடியிருந்தால் அது பாதையின் பிழை அல்ல. சராசரியோடு, பத்தில் மிக மோசமான ஒரு பயணம் எவ்வளவு நேரம் எடுத்தது என்ற எண்ணையும் கேளுங்கள். ஆட்கள் கத்துவது அந்த ஒன்றைப் பற்றித்தான்.

லேன்மாறி:
கடைசியாச் சொன்னது நல்லாயிருக்கு. எழுதிப் போடுறன். பாதையைப் பற்றி என்ரை கருத்து மாறேல்லை, அதையும் எழுதிப்போட்டுத்தான் அனுப்புவன்.